பெலோத்தி வென்ற விதம்

அர்தூரோ பெலோத்தி ஒரு பொய்யர் என்று நினைத்துக்கொண்டுதான் அவருடைய கராஜில் வேலைக்குச் சேர்ந்தேன். பொய்யராகவே இருந்திருந்தால் எனக்கு அவரைப் பிடித்துப்போயிருக்கும். போய்வந்த ஊர்களில் நல்ல பொய்யர்கள் பலரைக் கண்டிருக்கிறேன். பக்கத்தில் அப்படி ஒருவர் இருந்தால் பதினெட்டு மணிநேர பஸ் பயணமும் அலுக்காது. இந்த மனிதர் சொன்னதெல்லாம் உண்மை என்று தெரிந்த பிறகுதான் அவர்மேல் எனக்கு இகழ்ச்சி தொடங்கியது.

அது 1976 தை மாதம். நாலு வருடம் அலைந்துவிட்டு மெல்பேர்னுக்குத் திரும்பியிருந்தேன். அதில் பதினான்கு மாதம் பொலோஞ்ஞாவில் ஒரு விடுதிக் குசினியில் கோப்பை கழுவியிருந்தேன். அந்த வகையில் இத்தாலியன் பாஷை வந்திருந்தது. வேறெதுவும் வரவில்லை என்பது அம்மாவின் முடிவு. அம்மாவும் அப்பாவும் அப்போது கிளென் வேவர்லியில் புது வீடு கட்டிக் குடிபோயிருந்தார்கள். மெல்பேர்னில் இருந்த யாழ்ப்பாணக் குடும்பங்கள் எல்லாவற்றையும் எங்கள் வீட்டு வரவேற்பறைக்குள் இருத்திவிடலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் இருத்தினார்கள். யாருடைய மகன் எந்தப் படிப்பு, யாருடைய வீட்டுக்கு எத்தனை அறை என்பதைத் தவிர அங்கே வேறு பேச்சு இல்லை.

"பொம்பிளைப் பிள்ளை நீ, இத்தாலியன்ரை கராஜிலை போன் எடுக்கவோ நாலு வருசம் உலகம் சுத்தினனீ?" என்று அம்மா கேட்டார்.

"ஓம்."

"ஆரும் கேட்டா நான் என்னெண்டு சொல்லுறது?"

"எஞ்சினியரிங் எண்டு சொல்லுங்கோ. அப்பாவும் தன்னை அப்பிடித்தானே சொல்லிக்கொண்டு திரியிறார்."

பக்கத்தில் இருந்த அப்பா, எஞ்சினியர் கதிர்காமநாதன், பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

கராஜ் பிரன்ஸ்விக்கில், சிட்னி ரோட்டில், கல்யாண உடுப்புக் கடை ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தது. மோட்டார் சைக்கிள்கள் மட்டும் திருத்துகிற இடம். பெலோத்திக்கு அப்போது எழுபத்துநாலு வயது. கட்டையான உருவம். தலைமயிருக்குப் பூசிய கறுப்புச் சாயம் காதோரம் வழிந்திருக்கும். நாற்பது டிகிரி வெயிலிலும் தோல் ஜாக்கெட்டைக் கழற்ற மாட்டார். மெல்பேர்னில் இருந்த இருபத்தைந்து வருடத்தில் அவர் கற்ற ஆங்கிலம் ஐம்பது சொல். அதில் பாதியைப் பெண்கள் முன்னால் சொல்ல முடியாது. அதனால்தான் தொலைபேசியும் படிவங்களும் என்னிடம் வந்தன. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்; 'சிஞ்ஞோரீனா', அதாவது செல்வி, என்பார். கராஜுக்கு வந்த வண்டிகள் எல்லாம் ஜப்பான் வண்டிகள். அவற்றை அவர் தொடுவதில்லை. இரண்டு பேர் வேலை செய்ய, அவர் நடுவில் நின்றார். நிற்பதுதான் அவருடைய தொழில்.

சுவர் முழுக்க அவருடைய படங்கள். பிரேக் கம்பி வாங்க வந்தவனை அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, 1926ஆம் ஆண்டு அப்பெனைன் மலைச்சுற்றுப் பந்தயத்தை அவர் எப்படி வென்றார் என்று நாற்பது நிமிடம் சொல்லுவார். சொல்லும்போது 'நான்' என்று சொல்ல மாட்டார். 'பெலோத்தி' என்பார். பெலோத்தி வளைவைக் கண்டான், பெலோத்தி பிரேக்கைத் தொடவில்லை.

சித்திரை மாதம் மெல்பேர்னுக்கு வந்த அவருடைய ஊர் இத்தாலியர்களின் சங்கச் செயலாளர் கார்போனி என்னிடம் வந்தார். சவப்பெட்டிக் கடை வைத்திருக்கிறவர். குரல் எப்போதும் அனுதாபமாகவே இருக்கும். அந்தப் பந்தயத்துக்கு ஐம்பது வருடம் ஆகிறதாம். ஆவணி மாதம் ஒரு ஞாயிறு மதிய விருந்து, ஒரு நினைவு மலர். மலரில் பெலோத்தியின் வாழ்க்கை வரலாற்றை இரண்டு மொழியிலும் நான் எழுத வேண்டும். எங்கள் ஆட்கள் மட்டும்தான் மலர் போடுவார்கள் என்று நினைத்திருந்தேன். தலைவரின் படம் முழுப் பக்கம், உபதலைவரின் படம் அரைப் பக்கம், வாழ்த்துச் செய்தி எட்டு. அவர்களும் அப்படியேதான் போட்டார்கள்.

பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கும் ஆசையில், பொலோஞ்ஞாவில் என்னோடு கோப்பை கழுவிய ஒருத்திக்குக் கடிதம் போட்டேன். அவள் நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் பார்த்து ஒன்பது பக்கம் எழுதி அனுப்பினாள். எல்லாம் உண்மையாக இருந்தது. பதினொரு வெற்றி. ஒவ்வொன்றுக்கும் தேதி, தூரம், நேரம்.

ஆகவே எழுதினேன். 1902இல் இத்தாலியின் ரொமாஞ்ஞாப் பகுதியில் ஒரு கிராமத்தில் பிறந்தார். தகப்பன் சைக்கிள் திருத்துகிறவர். இவருக்குப் பதினெட்டு வயதானபோது ஒரு மருந்துக் கடைக்காரர் ஒரு பழைய மோட்டார் சைக்கிளைக் கொடுத்து, மலைக் கிராமங்களுக்கு மருந்து கொண்டுபோக விட்டார். மருந்து நேரத்துக்குப் போனதா என்று யாரும் சொல்லவில்லை. வண்டி போன வேகத்தை எல்லோரும் சொன்னார்கள். 1922இல் முதல் பந்தயம். அக்காலத்துப் பந்தயம் மைதானத்தில் நடப்பதில்லை. தார் போடாத மலைத் தெருக்களில், மாட்டு வண்டிக்கும் கோழிக்கும் நடுவில், நானூறு கிலோமீட்டர். 1926 வெற்றிக்குப் பிறகு ஒரு தொழிற்சாலை அவரைச் சம்பளத்துக்கு எடுத்தது. எண்ணெய் விளம்பரங்களில் அவர் முகம் வந்தது. 1931இல் இளம் பையன்கள் முந்தத் தொடங்கியதும் முதுகுவலி என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். பிறகு, அப்போது ஆட்சியில் இருந்த பாசிசக் கட்சியின் கறுப்புச் சட்டைக்காரர்களுக்கு மோட்டார் சைக்கிள் விற்றார். அந்த வருடங்களின் படங்களில் அவருக்குப் பக்கத்தில் நின்றவர்கள் கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருந்தார்கள். ஒரு படத்தில் வெட்டுப்படாத கை ஒன்று அவர் தோளில் கிடந்தது. "ஆரிந்தக் கை?" என்று கேட்டேன். "மச்சான்" என்றார். அவருக்கு மச்சான் கிடையாது. 1951இல் கப்பலேறி மெல்பேர்ன் வந்தார்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். கராஜின் கந்தோர் அறைக்குள் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, வெளியே தெருவில் போகிற வண்டியின் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன நோய் என்று சொல்லுவார். இரண்டு முறை நான் ஓடிப்போய் வண்டிக்காரனை மறித்துக் கேட்டேன். இரண்டு முறையும் சரி. இப்படி ஒரு காதை இப்படி ஒரு மனிதருக்குக் கொடுத்ததை வீணடிப்பு என்றுதான் சொல்லுவேன்.

மலர் அச்சுக்குப் போவதற்கு மூன்று கிழமைக்கு முன் ஒரு கிழவர் கராஜுக்கு வந்தார். உயரமானவர், முழங்கால் இரண்டும் வளைந்திருந்தன. கோபர்க்கில் வீடுகளுக்கும் தேவாலயங்களுக்கும் தரை போட்டே முழங்காலை முடித்துக்கொண்டவர். பெயர் ஒரேஸ்தே ஃபந்தினி. பெலோத்தி வங்கிக்குப் போயிருக்கிற நேரம் பார்த்துத்தான் வந்திருந்தார். அவர் பேசிய ரொமாஞ்ஞாக் கொச்சையை நான் என் வீட்டுப் பேச்சில்தான் எழுத முடியும்.

"நீதானே பிள்ளை மலர் எழுதுறது?"

"ஓம்."

"பந்தய முடிவு போடுறியளாம். ஆர் எத்தினையாம் இடம் எண்டு."

பட்டியலை எடுத்துக் காட்டினேன். அவர் அதை வாசிக்கவில்லை. எந்த வரி என்று அவருக்குத் தெரியும். விரலை நேரே அங்கே வைத்தார். 'ஒரேஸ்தே ஃபந்தினி: விலகினார்.'

"இந்தச் சொல்லை மாத்தவேணும்."

"என்னெண்டு?"

"வந்து சேர்ந்தார்."

"வேறை?"

"வேறை ஒண்டுமில்லை. முதலிடம் அவனே வைச்சிருக்கட்டும்."

நின்றபடியே கதையைச் சொன்னார். அந்தப் பந்தயத்தில் முடிவுக் கோட்டில் கொடி அசைக்க ஆள் இல்லை. மொந்தேரிவோ என்ற ஊரின் சந்தியில் ஒரு மேசை, அதில் ஒரு பதிவுப் புத்தகம். வண்டியை நிறுத்தி இறங்கி, காலையில் புறப்படும்போது போட்ட அதே கையெழுத்தைத் திரும்பப் போட வேண்டும். போட்டு முடிக்கிற கணம்தான் வந்து சேர்ந்த நேரம். ஆளை மாற்றி ஓடுகிற கள்ளத்தைத் தடுக்க வைத்த ஏற்பாடு அது. கடைசி இறக்கத்தில் ஒரேஸ்தே விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. இடது கையால் ஓட்டி, மேசைக்கு முதலாவதாக வந்தார். பென்சிலை இடது கையில் பிடித்துப் பார்த்தார், பல்லில் கடித்துப் பார்த்தார். விழுந்தது கிறுக்கல். பதிவுக்காரர் நல்ல மனிதர். அடுத்ததாக வந்து சேருகிற ஓட்டக்காரர் 'இவர்தான் ஃபந்தினி' என்று அடையாளம் சொன்னால் கிறுக்கலை ஏற்றுக்கொள்ளலாம் என்று விதி இருப்பதாகச் சொன்னார். காத்திருந்தார்கள். அடுத்து வந்தது பெலோத்தி.

"ஒரே கூட்டம் நாங்கள். ஒரே ஊர்" என்றார் ஒரேஸ்தே. "அதுக்கு முதல்நாள் சத்திரத்திலை இடமில்லையெண்டு ஒரே கட்டில்லை படுத்தனாங்கள்."

பெலோத்தி தன் கையெழுத்தைப் போட்டார். பதிவுக்காரர் ஒரேஸ்தேயைக் காட்டி, இவர் யார் என்று கேட்டார். பெலோத்தி ஏறிட்டுப் பார்த்தார். முகம் முழுக்கப் புழுதியாக இருக்கிறது, யாரென்று தெரியவில்லை என்றார்.

கையெழுத்து இல்லாதவரை அந்தப் புத்தகத்தில் எப்படி எழுதுவது? விலகினார் என்றுதான் எழுதினார்கள். ஊரில் அதற்கு ஒரே விளக்கம்: இறக்கத்தைக் கண்டு பயந்து நிறுத்திவிட்டான். தொழிற்சாலை அவரைக் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் அவரைக் கண்டால் நடுங்குவதுபோல நடிப்பானாம். தகப்பன் சாகும்வரைக்கும் மகனிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்கலாம் என்றார் ஒரேஸ்தே.

"இஞ்சை வந்தாப் பிறகாவது நீங்கள் அவரிட்டைக் கேட்டிருக்கலாமே?"

"கேக்கிறதோ? இருபத்திநாலு வருசமாச் சங்கத்திலை ஒரே மேசையிலை சீட்டு விளையாடுறம். அதிலையும் கள்ளம்தான் விளையாடுறான்."

பெலோத்தி திரும்பி வந்ததும் கேட்டேன். மறுப்பார், கத்துவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் ஜாக்கெட் கழுத்தைச் சரிசெய்துகொண்டு சிரித்தார்.

"ஓம், நிண்டவன். பென்சிலைப் பல்லிலை கடிச்சுக்கொண்டு நாய்மாதிரி நிண்டவன்."

"அவரெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாமல்? பெத்த தாய்க்கு முதல் எனக்குத் தெரியும்."

"பிறகேன் தெரியாதெண்டு சொன்னனீங்கள்?"

"சிஞ்ஞோரீனா, பந்தயமெண்டா ஓடுறது மட்டுமெண்டு நினைக்கிறீரோ? ஓட எல்லாருக்கும் தெரியும். கேள்வி கேட்டா என்ன மறுமொழி சொல்லுறது எண்டு பெலோத்திக்குத்தான் தெரிஞ்சுது."

"அப்ப அந்தச் சொல்லை மாத்துவம். 'வந்து சேர்ந்தார்' எண்டு. உங்கடை முதலிடம் உங்களிட்டையே இருக்கும்."

"ஒரு சொல்லும் மாத்தக் கூடாது. அவன் வந்து சேர்ந்தவனெண்டா, எனக்கு முதல் வந்தவன் எண்டெல்லோ வரும்."

வெட்கமோ கோபமோ அந்த முகத்தில் இல்லை. குற்றவுணர்ச்சியை ஐம்பது வருடம் மறைத்துக்கொண்டு திரிகிற ஒருவரை நான் கற்பனை செய்து வைத்திருந்தேன். புத்தகங்கள் வாசிப்பதால் வருகிற வினை. இவரிடம் மறைக்க ஒன்றுமே இல்லை. தன் சமர்த்தை யாரும் கேட்கவில்லையே என்றுதான் அவருக்குக் குறை.

நான் நடந்ததை நடந்தபடி ஒரு பந்தியாக எழுதி, பட்டியலில் சொல்லையும் மாற்றி, கார்போனியிடம் கொடுத்தேன். அவர் சவப்பெட்டிகளுக்கு நடுவில் நின்று வாசித்தார்.

"நல்லா எழுதியிருக்கிறீர்" என்று அனுதாபமாகச் சொன்னார். "இந்தப் பந்தி வேண்டாம். சொல்லும் பழையபடி இருக்கட்டும். விருந்து, பாரும். சாப்பிடவெல்லே வருகினம்."

அப்படியே அச்சடித்தார்கள். பதினாலாம் பக்கம், 'விலகினார்.' ஒரேஸ்தேயிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை உள்ளே கூப்பிடவில்லை. "சரி" என்றார். விருந்துக்கு வருவீர்களா என்று கேட்டேன். "காசு கட்டியிட்டன். வராமல்?" என்றார்.

விருந்துக்கு இருநூறு பேர். மண்டபத்தில் இத்தாலியக் கொடியின் மூன்று நிறத்தில் கடதாசித் தோரணம். பாஸ்தா, அதன்மேல் இன்னொரு பாஸ்தா, பிறகு பன்றி. மேடையில் பெலோத்தி, புதிதாகச் சாயம் பூசிய தலையோடு. நான் ஒரேஸ்தேக்குப் பக்கத்தில், கதவோரத்து மேசையில் இருந்தேன். அவர் மலரைத் திறக்கவே இல்லை. தட்டுக்குக் கீழே வைத்துக்கொண்டு சாப்பிட்டார். கார்போனி பேசினார், பாதிரியார் பேசினார், மோட்டார் சைக்கிள் இறக்குமதி செய்கிற ஒருவர் பேசினார். பெலோத்தி ஒலிவாங்கியைப் பிடித்தபோது ஆட்கள் கதிரையைத் திருப்பிப் பழ மேசையைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

அவர் வளைவைச் சொன்னார். பிரேக்கைச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. இந்த மண்டபத்தில் அந்தக் கதையைக் குறைந்தது இருபது முறை கேட்காதவர் இல்லை. பின்னால் கரண்டிச் சத்தம். அவர் நிறுத்தி மண்டபத்தை ஒருமுறை பார்த்தார். காது கூர்மையான மனிதர். சத்தத்தை வைத்தே நோய் தெரிந்துவிட்டது.

"ஒரு பகிடி சொல்லுறன்" என்றார். "மொந்தேரிவோவுக்கு முதலாவதா வந்தது பெலோத்தியெண்டு நினைக்கிறியளோ? இல்லை. நாலு நிமிசத்துக்கு முதலே ஒருத்தன் வந்து நிண்டவன்."

கரண்டிகள் நின்றன.

"கை முறிஞ்சு போச்சு. பென்சில் வாயிலை. ஆரெண்டு என்னைக் கேக்கினம். முதல்நாள் இரவு ஒரே கட்டில்லை படுத்தவன். அவன்ரை குறட்டையிலை எனக்கு நித்திரையில்லை. குளிராலை காலையும் எனக்கு மேலை போட்டவன். நான் பாத்தன். 'புழுதியாக் கிடக்கு, ஐயா. ஆரெண்டு தெரியேல்லை' எண்டன்."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. மேசையில் அடித்துச் சிரித்தார்கள். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். பாதிரியாரும் சிரித்தார். யாரோ "ஆர் அவன்?" என்று கத்த, பெலோத்தி கையை நீட்டிக் கதவோரத்தைக் காட்டினார். "அந்தா இருக்கிறான், ஒரேஸ்தே. இண்டைக்கு முகம் கழுவியிட்டு வந்திருக்கிறான். இப்ப தெரியுது."

இன்னொரு சிரிப்பு. இருநூறு தலை எங்கள் பக்கம் திரும்பியது. நான் எழுந்து என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. ஒரேஸ்தே என் கையைப் பிடித்து இருத்தினார். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, அந்த இருநூறு பேருக்கும் தலையை ஒருமுறை அசைத்தார்.

பழம் பரிமாறும் முன்பே அவரை அப்பாவின் காரில் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வெயில் நல்ல வெளிச்சமாக இருந்தது. எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"உங்களைப் பாத்தெல்லே சிரிச்சவை."

"சிரிக்கட்டும். கேட்டாப் பிறகுதானே சிரிச்சவை."

"அவர் பகிடிக்குச் சொன்னவர்."

"பிள்ளை, அவனிட்டை இருந்து வேறை எப்பிடி வரும்? கும்பிட்டுக் கேட்டிருந்தா வந்திருக்குமோ?" என் பக்கம் திரும்பினார். "என்ன சொன்னவன்? முதலாவதா வந்தது தானில்லை எண்டு சொன்னவன். ஒலிவாங்கியிலை."

திங்கட்கிழமை காலையிலேயே நான் கார்போனியின் கடைக்குப் போனேன். இருநூறு சாட்சிகள், அதில் பாதிரியார் ஒருவர் என்றேன். மலரில் இருப்பது பிழை என்று இப்போது எல்லோருக்கும் தெரியும், பிழையோடு விற்கப்போகிறீர்களா என்றேன். கார்போனி பயந்த சுபாவக்காரர். அந்தக் கிழமையே ஒரு துண்டுச் சீட்டு அடித்து, மிஞ்சிய மலர்களில் பதினாலாம் பக்கத்தில் ஒட்டினார். 'ஒரேஸ்தே ஃபந்தினி: நான்கு நிமிடம் முந்தி வந்து சேர்ந்தார், கையெழுத்திட இயலவில்லை.'

பெலோத்தி அந்தச் சீட்டைக் கையில் கசக்கிக்கொண்டு கராஜுக்குள் வந்தார். கறுப்புச் சாயத்துக்குக் கீழே முகம் சிவந்திருந்தது.

"பகிடிக்குச் சொன்னதை அச்சடிக்கிறதோ? ஆர் செய்தது?"

"நான்தான்."

"சிரிக்கத்தானே சொன்னனான்!"

"சிரிச்சவைதானே."

என்னை வேலையிலிருந்து நிறுத்தினார். ஐம்பது வருடத்தில் அந்தச் செயல் அவருக்குக் கொடுத்த ஒரே மனவருத்தம் அச்செழுத்தில் வந்ததுதான். நடந்தது நடந்ததாகவே இருந்தபோது நிம்மதியாகத் தூங்கினார். அவரை ஒரு தீயவர் என்று சொல்ல எனக்கு மனமில்லை; தீமைக்கும் கொஞ்சம் ஆழம் வேண்டும். இந்த மனிதர் ஒரு வளைவைக் கண்டு, அதில் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போனார். அவ்வளவுதான். அந்த வளைவில் ஒரு ஆள் நின்றது அவருக்குத் தெரியவேயில்லை.

ஒட்டிய மலர் ஒன்றை ஒரேஸ்தேயிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டு, வாசலில் நின்றபடியே சீட்டை வாசித்தார். நன்றி சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

"நாலு இல்லை" என்றார்.

"என்ன?"

"ஆறு நிமிசம். நான் வந்து ஆறு நிமிசத்துக்குப் பிறகுதான் அவன் வந்தவன்."

"அவர் நாலெண்டுதானே சொன்னவர்."

"அவனுக்கு எப்பிடித் தெரியும்? அவன் அங்கை இல்லையே. நானெல்லே மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிண்டனான். கார்போனியிட்டைச் சொல்லு. திரும்ப அடிக்கட்டாம்."

போய்ச் சொன்னேன். கார்போனி மிகுந்த அனுதாபத்தோடு, ஒரு மலரில் இரண்டு முறை ஒட்டினால் கடதாசி தடித்துவிடும் என்றார். மாட்டேன் என்பதை அந்தத் தொழிலில் அப்படித்தான் சொல்லுவார்கள் போலிருக்கிறது.

சங்கத்தில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாத மொழியில் இதை எழுதுகிறேன். வாசிக்கத் தெரிந்தவர்களிடமாவது சரியான எண் இருக்கட்டும். ஆறு நிமிடம்.